அகலம் கேட்காத சீர்

கலோலைனே ஆக்லாந்திலிருந்து போனில் சொன்னது ஒரே ஒரு எண்தான். ஐம்பது. மகன் லிசியாதேவின் கல்யாணத்துக்கு ஐம்பது கட்டம் நீளத்தில், மரப்பட்டையை அடித்துச் செய்கிற பட்டைத்துணி ஒன்று வேண்டும். தாய்மாமன் வீட்டிலிருந்து போகிற சீர் அல்லவா, பெரிதாக இருக்கட்டும் என்றாள். பெனிசிமானி போனைக் காதில் வைத்துக்கொண்டு, எதிரே இருந்த வெறும் சுவரைப் பார்த்துப் பணிவாகத் தலையாட்டியபடி "சரிக்கா, சரிக்கா" என்றான். அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை.

கேட்கவும் மாட்டான். டோங்காவில் அக்காவிடம் எதிர்க்கேள்வி கேட்கிற தம்பி இன்னும் பிறக்கவில்லை. அக்கா இருக்கிற அறையில் தம்பி கால் நீட்டி உட்காரக்கூடாது, அவள் காதுபட வேடிக்கை பேசக்கூடாது. அக்கா பிள்ளை வந்து வீட்டிலிருக்கும் பன்றியைக் கேட்டால் கயிற்றோடு அவிழ்த்துக் கொடுக்க வேண்டும். ஆகவே பெனிசிமானி போனை வைத்துவிட்டு, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டவன் போல மனைவியைப் பார்த்து, "ஐம்பது கட்டமாம்" என்றான். லெசியெலிக்கு அந்த நிமிடமே பயம் பிடித்துக்கொண்டது.

ஐம்பதுக்காக அல்ல, நாத்தனாருக்காக. லெசியெலி இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அன்று, அவள் அம்மா வீட்டுப் பாயைக் கலோலைனே ஊர் முன்னால் விரித்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் சின்னது" என்று சொல்லிவிட்டாள். சொன்னவள் அடுத்த வாரமே மறந்திருப்பாள். கேட்டவள் மறப்பாளா? அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து ஆக்லாந்துக்குப் போன ஒவ்வொரு பொருளும், வள்ளிக்கிழங்குப் பெட்டியிலிருந்து தேங்காய் எண்ணெய் வரைக்கும், தேவையைவிட ஒரு பங்கு கூடுதலாகவே போனது. இந்தத் தடவை மட்டும் குறைந்துவிட்டால் சாகும்வரை தலை நிமிர முடியாது என்று அவள் நினைத்தாள். பெனிசிமானியிடம் சொன்னபோது அவன் சிரித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டான்.

ஐம்பது கட்டத்துக்கு எத்தனை ஏடு வேண்டும்? மரப்பட்டையை உரித்து, ஊறவைத்து, கட்டையால் அடித்து அடித்துக் காகிதம் போல விரித்தெடுக்கும் துண்டைத்தான் ஏடு என்பது. ஓர் ஏட்டின் நீளம் ஒரு கட்டம். பக்கத்து வீட்டு வைமோவானா போன வருடம் இருபத்தைந்து கட்டத்தில் ஒன்று செய்தாள். அதற்கு நூற்றைம்பது ஏடு பிடித்தது. லெசியெலியும் அந்த வேலைக்குப் போய் உட்கார்ந்திருந்தாள், ஏடுகளை எண்ணிக் கொடுத்ததே அவள்தான். இருபத்தைந்துக்கு நூற்றைம்பது என்றால் ஐம்பதுக்கு முந்நூறு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவள் யோசிக்கவில்லை.

மழைக்காலம் முழுக்க அவள் வீட்டுப் பின்புறத்தில் கட்டைச் சத்தம் ஓயவில்லை. பெனிசிமானி தோட்டத்து மரங்களை வெட்டிப் பட்டை உரித்துக் கொடுத்தான். அவளும் அவள் தங்கைகளும் கை மரத்துப்போகும் வரை அடித்தார்கள். தோட்டத்தில் பிஞ்சுக் கன்றுகள்தான் மிஞ்சின. முந்நூறு சேர்ந்ததும் ஏடுகளைப் பாயில் சுருட்டி உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். அன்று இரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

துணி சேர்க்கிற நாளை வைமோவானாதான் குறித்தாள். ஊரில் அந்த வேலைக்கு அவள்தான் தலைவி. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த வாய். அன்று காலையிலேயே தேவாலயத்துக்குப் பக்கத்துக் கூடத்தில் பெண்கள் கூடிவிட்டார்கள். கவிழ்த்துப்போட்ட படகு போல வளைந்த நீளப் பலகை நடுவில் கிடந்தது. அதன்மேல் பூ அச்சுகளைக் கட்டியிருந்தார்கள். ஒரு சட்டி நிறைய அரைவேக்காட்டு மரவள்ளிக் கிழங்கு, ஒட்டுவதற்கு. இன்னொரு சட்டியில் கோக்கா மரப்பட்டைச் சாயம், செக்கச்சிவந்த பழுப்பு நிறத்தில். கலோலைனேயின் விமானம் அன்று மதியம் வருகிறது. இரண்டு நாள் தங்கித் துணியைக் கையோடு எடுத்துப் போவதாக ஏற்பாடு. வெளியே பெனிசிமானி மண்ணடுப்பை மூட்டிக்கொண்டிருந்தான். உள்ளே பெண்கள் வேலை நடக்கிற இடத்துக்கு அவன் வரக்கூடாது, வரவும் அவனுக்கு ஆசையில்லை.

வைமோவானா முதல் கட்டத்துக்கு ஏடுகளைப் பலகை மேல் வரிசையாகப் பரப்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று. அதோடு நிறுத்துவாள் என்று லெசியெலி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நிறுத்தவில்லை. பலகையின் கோடி வரைக்கும் ஆறு ஏடு அடுக்கிவிட்டு, மேல் அடுக்குக்கு இன்னும் ஆறு கேட்டுக் கையை நீட்டினாள்.

அகலம் ஆறா என்று லெசியெலி மெதுவாகக் கேட்டாள்.

"பின்னே? மாமன் சீருடி இது. போன வருஷம் என் பேத்தி ஞானஸ்நானத்துக்குப் போட்டேனே, அது மூணு ஏடு அகலம். அதைக் கொண்டுபோய்க் கல்யாணத்துல விரிச்சா உன் நாத்தனார் கைக்குட்டையான்னு கேப்பா."

பெண்கள் சிரித்தார்கள். லெசியெலிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண் பலகையிலேயே நின்றது. நீளவாக்கில் ஒரு கட்டம், அகலவாக்கில் ஆறு ஏடு, அடியில் ஓர் அடுக்கு மேலே ஓர் அடுக்கு. ஒரு கட்டத்துக்கே பன்னிரண்டு ஏடு. ஐம்பது கட்டத்துக்கு அறுநூறு. கையில் இருப்பது முந்நூறு.

இந்த ஊரில் பட்டைத்துணியின் பெருமையை நீளத்தில்தான் சொல்வார்கள். ஐம்பது என்பார்கள், நூறு என்பார்கள், அகலத்தைப் பற்றி ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. பார்த்தால் தெரியாதா என்ற நினைப்பு. பார்த்தால் தெரியும்தான், ஆனால் ஏடு அடிக்கிறவள் முன்கூட்டி எதைப் பார்ப்பாள்? வைமோவானாவின் துணியை ஒரு பக்கம் மட்டும் இரட்டித்துவிட்டு, இன்னொரு பக்கமும் வளரும் என்பதை லெசியெலி மறந்துபோனாள். நீளத்தை அகலத்தால் பெருக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தில் அவளுக்கும் சொல்லிக்கொடுத்ததுதான். அங்கே அதைத் தோட்டத்துக்கும் சுவருக்கும் போட்டார்கள், பட்டைத்துணிக்கு யாரும் போட்டுக் காட்டவில்லை.

அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. விஷயத்தை ஒரு வழியாகச் சொல்லி முடித்தாள். இன்னும் முந்நூறு ஏட்டுக்கு மரம் எங்கே, நாள் எங்கே? கலோலைனே வானத்தில் பாதித் தூரம் வந்துகொண்டிருப்பாள்.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இருபத்தைந்து கட்டமாகவே அகலமாகப் போட்டு, மடித்துக் கொடுத்துவிடலாம், யார் பிரித்து எண்ணப்போகிறார்கள் என்றாள் ஒருத்தி. கலோலைனே எண்ணுவாள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வைமோவானா குரலைத் தாழ்த்தி, அடி அடுக்கே வேண்டாம், மேல் அடுக்கை மட்டும் போட்டுச் சாயத்தைத் தாராளமாகப் பூசிவிடலாம், பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும் என்றாள். சொல்லிவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒற்றை அடுக்குத் துணி மேல் மாப்பிள்ளையும் பெண்ணும் நடந்தால் தேவாலய வாசலைத் தாண்டுவதற்குள் கிழிந்துவிடும்.

லெசியெலி தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் விரித்தாள். குறுக்கே மடித்தாள், பிரித்தாள். பிறகு நீளவாக்கில் மடித்துப் பார்த்தாள். அழுகை வருகிற நேரத்தில் கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் என்றுதான் தொடங்கினாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றுவிட்டது.

"அக்கா, இருபத்தஞ்சு நீளம், ஆறு அகலம். நூத்தைம்பது. ரெண்டு அடுக்குக்கு முந்நூறு," என்றாள் வைமோவானாவிடம். "அம்பது நீளம், மூணு அகலம். அதுவும் நூத்தைம்பதுதான். ரெண்டுக்கும் நம்மகிட்ட இருக்கிற ஏடு சரியாப் போதும். எது வேணும்னு மட்டும்தான் தெரியல."

"அதை உன் நாத்தனார்தான் சொல்லணும். அவ வர்ற வரைக்கும் நாங்க என்ன, பாட்டுப் பாடிட்டு இருக்கவா?"

"இல்ல. ஆறு ஏட்டையும் பலகையில போடுங்க. ஆனா நடுவுல, மூணாவதுக்கும் நாலாவதுக்கும் இடையில, ஒட்டாதீங்க. ரெண்டு துணியா பக்கத்துல பக்கத்துல போகட்டும். அகலம் வேணும்னா கடைசியில நடுவை ஒட்டிடலாம். நீளம் வேணும்னா ஒண்ணோட வாலை இன்னொண்ணோட தலையில ஒட்டிடலாம்."

வைமோவானா வாயைத் திறந்தாள், எதுவும் சொல்லாமல் மூடினாள். பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்கு அதுவே பெரிய அதிசயமாக இருந்தது. பிறகு அவள் கிழங்கை ஒரு கை அள்ளிப் பலகையில் தேய்த்தாள், வேலை ஆரம்பமானது. பலகையின் இரு பக்கமும் பெண்கள் நெருக்கி உட்கார்ந்து, ஏட்டை ஒட்டி, சாயத்தில் முக்கிய துணிப் பந்தால் அழுத்தித் தேய்க்க, அடியிலிருந்த பூ மேலே எழுந்து வந்தது. ஒரு கட்டம் முடிந்ததும் துணியை இழுத்து மடித்துவிட்டு அடுத்த கட்டம். யாரோ ஒரு தோத்திரப் பாட்டை எடுத்தார்கள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். லெசியெலியும் பாடினாள், ஆனால் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் அவள் குரல் நின்று நின்று வந்தது. வேலைக்கு வழி கிடைத்துவிட்டது, சரி. நாத்தனாருக்கு என்ன வழி? அவள் கேட்டது ஐம்பது, மனதில் வைத்திருப்பது ஆறு ஏடு அகலம். எப்படி ஒட்டினாலும் பாதிதான் கிடைக்கும், அதை வாய்விட்டு அவளிடம் சொல்லியாக வேண்டும்.

டாக்ஸி நேராகக் கூடத்து வாசலுக்கே வந்து நின்றது. கலோலைனே இறங்கினாள். பயணக் களைப்பிலும் மரியாதைக்காக இடுப்பில் சுற்றிக்கொள்ளும் பாய் ஒழுங்காகக் கட்டியிருந்தது, தலைமுடி ஒன்றுகூடக் கலையவில்லை. பாட்டு தானாக நின்றது. மண்ணடுப்புப் பக்கம் நின்றிருந்த பெனிசிமானி அக்காவைக் கண்டதும் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு கூடத்தின் பின்புறம் போய்விட்டான். உதவிக்கு ஆள் வேண்டிய நேரத்தில் புருஷன் போகிற இடம் அதுதானே என்று லெசியெலிக்கு ஒரு கணம் எரிச்சல் வந்தது.

கலோலைனே எல்லோருக்கும் முத்தம் கொடுத்துக்கொண்டே பலகைப் பக்கம் வந்தாள். துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள், பூ நன்றாக வந்திருக்கிறது என்றாள். அப்புறம் அவள் பார்வை நடுவுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. பலகை மேல் விரல் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி நேர்கோடாக ஓடியது.

"நடுவுல ஏன் ஒட்டாம விட்டிருக்கீங்க?"

லெசியெலி எழுந்து நின்றாள். கிழங்குப் பசை காய்ந்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எப்படியும் சொல்லத்தான் போகிறோம், கூட்டத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தாள். கணக்கில் தப்பு நடந்துவிட்டது, தப்பு தன்னுடையது, வேறு யாருடையதும் இல்லை என்றாள். முந்நூறு ஏடுதான் இருக்கிறது. அகலமாக வேண்டுமென்றால் இருபத்தைந்து கட்டம், நீளமாக வேண்டுமென்றால் ஐம்பது, ஆனால் மூன்று ஏடு அகலம்தான் வரும். ஐம்பது கட்டமும் ஆறு ஏடும் சேர்ந்து வராது. எது வேண்டுமோ சொன்னால் அப்படியே ஒட்டிவிடுகிறோம் என்றாள்.

பக்கத்தில் மரவள்ளி வந்த சாக்கு கிடந்தது. கலோலைனே அதன் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நியூசிலாந்திலிருந்து வந்த நாத்தனார் சாக்கு மேல் உட்கார்வதைக் கண்டு, பாய் எடுத்துப்போட இரண்டு பேர் ஓடினார்கள். அவள் கையைக் காட்டித் தடுத்தாள்.

"மூணு ஏடா? நிஜமாவா?"

"நிஜம்தான் அண்ணி."

கலோலைனே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து லெசியெலி ஓர் அடி பின்வாங்கினாள். கையை எடுத்தபோது அந்த முகத்தில் சிரிப்பும் இருந்தது, கண்ணீரும் இருந்தது.

"சானே இருக்கால்ல, பொண்ணோட அம்மா. புருஷன் இல்லாதவ. முதியோர் இல்லத்துல தரை துடைக்கிறா. அவ வீட்டுக்குப் போன வாரம் போயிருந்தேன். பெட்டியைத் திறந்து அவங்க அம்மா கொடுத்த துணியை எடுத்துக் காட்டுனா. பத்துக் கட்டம் இருக்கும். மூணு ஏடு அகலம். 'எங்க பக்கத்துச் சீர் இதுதான், பக்கத்துல விரிக்கலாமா'ன்னு என்கிட்ட கேக்குறா. என்னைக் கேக்குறா. நான் ஏற்கெனவே சபை முழுக்க அம்பதுன்னு பீத்திட்டு வந்திருக்கேன்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கிருந்து தூக்கம் இல்ல. நீளம் எவ்வளவு இருந்தாலும் ஒண்ணோட ஒண்ணு முட்டவச்சு விரிச்சிடலாம். பத்தும் அம்பதும் அறுபது, எங்க இது முடிஞ்சு அது ஆரம்பிச்சதுன்னு யாரு பார்க்கப் போறா? ஆனா நம்மது ரெண்டு மடங்கு அகலமா வந்து பக்கத்துல கிடந்தா, அந்தப் பொம்பள அன்னைக்கு முழுக்க அதைப் பார்த்துக்கிட்டு நிக்கணும். அகலத்தைக் குறைச்சுக்கோங்கன்னு போன் பண்ண எத்தனையோ தடவை எடுத்தேன். தம்பிகிட்ட எப்படிச் சொல்றது? அக்காவுக்கு நம்ம கையில நம்பிக்கை இல்லைன்னு நினைச்சுக்குவான். நீயும் ராத்திரி பகலா அடிச்சு முடிச்சிருப்பே. நீங்க எப்பவும் கேட்டதுக்கு மேலதானே அனுப்புவீங்க. வழியெல்லாம் அதையே நினைச்சுப் பயந்துக்கிட்டு வந்தேன், லெசியெலி."

தன்னைக் கண்டு நாத்தனார் பயந்தாள் என்பது லெசியெலியின் காதில் விழுந்தது, ஆனால் மனதுக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கியதும் பலகைப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்தது என்று சொல்வார்களே, அவளுக்கு உயிரோடு பசியும் சேர்ந்து வந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இத்தனை வருடம் இந்தப் பெண்பிள்ளையின் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலேயே கிழங்கும் எண்ணெயும் கட்டி அனுப்பியிருக்கிறோமே, ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் என்ன என்று தோன்றியது.

"அப்ப அம்பது?" என்று கேட்டாள்.

"அம்பது. மூணு அகலம். நடுக்கோட்டை அப்படியே விட்டுடுங்க."

கலோலைனே எழுந்து, இடுப்புப் பாயை அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு, லெசியெலிக்குப் பக்கத்தில் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு சாயப் பந்தை எடுத்துச் சட்டியில் முக்கினாள். ஆக்லாந்துக்குப் போன பிறகு இந்த வேலையைத் தொட்டே இருக்கமாட்டாள். முதல் இழுப்பிலேயே சாயம் ஓரத்தைத் தாண்டிப் பலகையில் வழிந்தது. அவளையே பார்த்துக்கொண்டிருந்த வைமோவானா, நியூசிலாந்துக் கை பட்டதும் சாயமும் ஆங்கிலம் பேசுகிறது என்றாள். கலோலைனே எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள். பாட்டு மறுபடி எழுந்தபோது லெசியெலியின் குரல் ஓரிடத்திலும் அறுபடவில்லை.

மாலையில் இரண்டு நீளத் துண்டுகளையும் வெளியே புல்லில் விரித்து, ஒன்றின் வாலையும் மற்றதன் தலையையும் கிழங்குப் பசை பூசிச் சேர்த்தார்கள். சேர்த்த இடத்தில் லெசியெலி ஒரு பக்கமும் கலோலைனே ஒரு பக்கமும் முழங்காலில் நின்று உள்ளங்கையால் அழுத்தினார்கள். துணி தேவாலய மதிலைத் தாண்டி, தென்னை வரிசையைத் தாண்டி, சாலை வரைக்கும் போய் நின்றது. ஒரு பன்றிக்குட்டி அதன் மேல் ஓடப் பார்க்க, பெண்கள் விரட்டினார்கள்.

அவ்வளவு நேரம் கூடத்துக்குப் பின்னாலேயே இருந்துவிட்ட பெனிசிமானி, சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு மெல்ல வந்தான். அக்கா இருப்பதால் கிட்டே வராமல் மதிலுக்கு அந்தப் பக்கமே நின்று, வைமோவானாவைக் கையசைத்துக் கூப்பிட்டு, உள்ளே என்ன ஆயிற்று, அழுகைச் சத்தம் எல்லாம் கேட்டதே என்று விசாரித்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"உன் பொண்டாட்டி கணக்குல தப்புப் பண்ணிட்டா. அதான் எல்லாரும் இவ்வளவு சந்தோஷமா இருக்கோம். கூடையை வச்சிட்டுப் போ," என்றாள் வைமோவானா.

அவன் கூடையை வைத்தான். ஒன்றும் புரியாமல் மனைவியைப் பார்த்தான். லெசியெலி புல்லில் உட்கார்ந்து, நாத்தனார் பிரித்துக் கொடுத்த இலைப்பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவனைப் பார்க்கக்கூட அவளுக்கு நேரமில்லை, அவ்வளவு பசி.